மாங்கனைட் மென்படலத்தின் காந்தம் ஏன் குன்றுகிறது?

லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் சுமார் 360 கெல்வின் வரை காந்தத்தன்மை கொண்டது. மின்சாரத்தையும் நன்கு கடத்தும். மூவிணைதிற, நான்கிணைதிற மாங்கனீசு அயனிகளுக்கிடையே எலக்ட்ரான், ஆக்சிஜன் வழியாகத் தாவுவதே இவ்விரு பண்புகளுக்கும் காரணம்.

இந்தப் படிகத்தின் அணு இடைவெளி 3.88 ஆங்ஸ்ட்ராம், அதை மென்படலமாக வளர்க்கும் அடித்தளமான ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டினுடையது 3.905. அதனுடன் பொருந்த மென்படலம் பக்கவாட்டில் இழுபட்டு, உயரத்தில் சுருங்குகிறது. மாங்கனீசைச் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகி உருக்குலைவதால் எலக்ட்ரான் தாவுவது கடினமாகிறது.

ஆக்சிஜன் இழப்பு இன்னொரு காரணம். படிகத்திலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு வெளியேறினால், அது விட்டுச்செல்லும் இரண்டு எலக்ட்ரான்கள் இரு நான்கிணைதிற மாங்கனீசு அயனிகளை மூவிணைதிறமாக்கும். தாவும் பாதையும் அறுபடும், படிகம் விரியும். மின்தடை ஏறி, காந்தம் மறையும் வெப்பநிலை இறங்கும். அடித்தளத்தின் இழுவிசை இந்த ஆக்சிஜன் இழப்பை எளிதாக்கவும்கூடும். ஆக்சிஜன் சூழலில் சூடாக்கிப் பதப்படுத்தினால், இழந்த ஆக்சிஜனைப் பெருமளவு மீட்கலாம்.