பன்னிரண்டு வருஷம் திறந்திருந்த கதவு

மதிலை உயர்த்திக் கட்டி, அகழி வெட்டி, வாயிலில் நூறு வீரர்களை நிறுத்திவிட்டு, கஜானாவின் திறவுகோலை மட்டும் சரியாக எண்ணத் தெரியாத ஒரு காவற்காரனிடம் ஒப்படைத்த அரசனைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? பேதை என்று சொல்லி நகைப்போம். ஆனால், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நம்பிய எண்ணற்ற சர்வகலாசாலைகளும், வியாபார ஸ்தாபனங்களும், சர்க்கார் காரியாலயங்களும் 2009-ஆம் வருஷம் முதல் 2022-ஆம் வருஷத் தொடக்கம் வரை ஏறக்குறைய இந்த நிலையிலேயே இருந்தன என்பதை நினைத்தால் நகைப்பு அடங்கிவிடும்.

விஷயத்தை முதலிலிருந்து கூறுவோம். பலர் பங்கிட்டுக்கொள்ளும் கணினியில் எல்லோருக்கும் ஒரே அதிகாரம் கிடையாது. சாதாரணக் கணக்கு உடையவர் தம்முடைய கோப்புகளைப் படிக்கலாம், திருத்தலாம். பிறருடையதைத் தொட இயலாது. இயந்திரம் முழுவதையும் ஆளும் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ‘ரூட்’ என்று பெயர். அக்கணக்கைப் பெற்றவன் எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். தான் வந்து போன சுவடும் இல்லாதபடி துடைத்துவிடலாம். சாதாரணக் கணக்கிற்கும் ரூட்டிற்கும் நடுவிலுள்ள சுவரே கணினியின் பாதுகாப்பில் தலையாயது.

எனினும், அந்தச் சுவரில் சில சிறு கதவுகள் இருந்தே தீரவேண்டும். ஒருவர் தம் கடவுச்சொல்லை மாற்ற விரும்பினால், ரூட் மட்டுமே எழுதக்கூடிய கோப்பில் ஒரு வரியை மாற்றவேண்டியிருக்கிறது. இதற்காகச் சில நிரல்களுக்கு மட்டும், யார் ஏவினாலும் ரூட்டின் அதிகாரத்தோடு இயங்கும்படி இரவல் அதிகாரம் தரப்படுகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்திற்காக இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் ரிட்சி. 1979-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. கூர்மையான யோசனைதான். ஆனால், இரவல் அதிகாரம் பெற்ற ஒவ்வொரு நிரலும் ஒரு காவற்காரன் என்பதை மறக்கலாகாது. அவன் ஏமாந்தால் அரண்மனையே ஏமாந்தது போலத்தான்.

அத்தகைய காவற்காரர்களில் ஒன்று ‘பிகே-எக்ஸெக்’ என்ற நிரல். 2009-ஆம் வருஷம் மே மாதத்தில் எழுதப்பட்டு, உபுண்டு, டெபியன், ஃபெடோரா முதலிய பிரபலமான லினக்ஸ் வகைகளில் வழக்கமாகவே இடம் பெற்றது. அதன் பிழை, நம்புவதற்கரிய அளவுக்குச் சிறியது. ஒரு நிரலை ஏவும்போது அதற்குச் சில சொற்கள் வரிசையாக அளிக்கப்படுகின்றன. வழக்கப்படி முதற் சொல் அந்நிரலின் பெயரே. அடுத்த சொல்லிலிருந்துதான் உண்மையான கட்டளை தொடங்கும். ஆகவே, பிகே-எக்ஸெக் முதற் சொல்லைத் தாண்டி, இரண்டாவதிலிருந்தே பார்க்கத் தொடங்கியது. முதற் சொல்லே இல்லாத வெறும் வரிசையை ஒருவன் நீட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நிரலை எழுதியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

லினக்ஸின் நினைவகத்தில் அச்சொல்வரிசை முடியும் இடத்தை அடுத்தே, நிரல் இயங்கும் சூழ்நிலையை விவரிக்கும் வேறொரு பட்டியல் இருக்கிறது. வெறும் வரிசையில் இரண்டாவது சொல்லைத் தேடப் போன காவற்காரன், எல்லையைக் கடந்து, அடுத்த பட்டியலின் முதல் வரியைக் கட்டளை என்று எண்ணிப் படித்தான். படித்ததோடு நில்லாமல், அதைத் திருத்தி அவ்விடத்திலேயே எழுதியும் வைத்தான். தனக்குரிய இடத்தின் எல்லையை மீறி நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும் எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அந்த அடுத்த பட்டியலில் அபாயமான குறிப்புகள் சில இடம்பெறக்கூடும். இன்ன கோப்பை இன்ன இடத்திலிருந்து எடுத்து இயக்கு என்று அவை நிரலுக்கு வழிகாட்டும். இரவல் அதிகாரம் பெற்ற நிரல்களுக்கு அவை எட்டாதபடி, நிரல் தொடங்குமுன்பே இயங்குதளம் அவற்றை நீக்கிவிடுவது வழக்கம். அதாவது, வாயிலில் சோதனை சரியாகவே நடந்தது. ஆனால் சோதனை முடிந்தபின், உள்ளே நின்ற காவற்காரனே நீக்கப்பட்ட குறிப்பைத் தன் கையால் திரும்ப எழுதி வைத்துவிட்டான்! பிறகு அந்நிரல் ஒரு பிழைச் செய்தியை அச்சிட முயலும்போது, அக்குறிப்பை நம்பி, தாக்குகிறவன் தயாராக வைத்திருந்த கோப்பை ரூட்டின் அதிகாரத்தோடு இயக்கிவிடும். சாமானியக் கணக்கினன் ஒரு நொடியில் எஜமானன் ஆகிவிடுவான்.

குவாலிஸ் என்னும் பாதுகாப்பு ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்து, திருத்தம் தயாராகும் வரை காத்திருந்து, 2022 ஜனவரி 25-ஆம் தேதி வெளியிட்டார்கள். ‘பாண்கிட்’ என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். அதே வருஷம் ஜூன் மாதத்தில், தாக்குகிறவர்கள் உண்மையிலேயே பயன்படுத்திவரும் குறைகளின் பட்டியலில் அமெரிக்க சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இதனையும் சேர்த்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளம் இந்த ஆபத்திலிருந்து தப்பியது. வெறும் வரிசையோடு எந்த நிரலையும் ஏவ அதன் மையக்கரு இடங்கொடுப்பதில்லை என்பதே காரணம். லினக்ஸின் மையக்கருவும் 2022-இல் திருத்தப்பட்டது. வெறும் வரிசை வந்தால், அது ஒரு வெற்றுச் சொல்லையாவது அங்கே வைத்துவிடுகிறது.

இதில் நம் மனத்தை உறுத்துவது பிழையின் சாமர்த்தியமன்று; அதன் ஆயுள். இந்நிரலின் மூலம் ஒளித்து வைக்கப்பட்டதன்று. உலகத்தில் யாரும் படிக்கலாம். படித்தும் இருக்கிறார்கள். 2013-ஆம் வருஷத்திலேயே ஒருவர் இவ்விபரீதத்தைக் கவனித்துப் பகிரங்கமாக எழுதினார். ஆனால், இதனால் தீங்கு விளைவிக்கும் வழி அவருக்குப் புலப்படவில்லை. அதன் பிறகும் சுமார் எட்டு வருஷங்கள் கதவு திறந்தே கிடந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்பது வேறு, பார்ப்பது ஒருவருடைய கடமை என்பது வேறு. பொதுக் குளத்தை யாரும் எட்டிப் பார்க்கலாம். தூர் எடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

“இது உள்ளே இருப்பவன் செய்யக்கூடிய குற்றந்தானே? வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதே!” என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. இந்த ஆறுதலைப்போல் அபாயமானது வேறில்லை. திருடன் முதலிலேயே கஜானாவுக்குள் குதிப்பதில்லை. யாரோ ஒரு சிப்பந்தியின் எளிய கடவுச்சொல்லைத் திருடியோ, கவனக்குறைவாக எழுதப்பட்ட ஓர் இணையதளத்தின் வாயிலாகவோ, மிக அற்பமான அதிகாரத்தோடு உள்ளே காலை வைக்கிறான். அந்த அற்பனைச் சக்கரவர்த்தியாக்கும் ஏணி இத்தகைய உட்குறையே. வெளிக்கதவின் பிழையும் உட்கதவின் பிழையும் கைகோத்தால்தான் பெருங்கொள்ளை நடக்கும். ஒன்றை அடைத்து மற்றொன்றை அலட்சியம் செய்பவர் பாதிக் காவலும் செய்தவராகார்.

இது தனிப்பட்டதொரு விபத்து என்றும் எண்ணவேண்டாம். இதற்கு ஒரு வருஷம் முன்பு, 2021 ஜனவரியில், இன்னும் பரவலாக வழங்கும் ‘சூடோ’ என்ற நிரலிலும் அதே குவாலிஸ் ஸ்தாபனத்தார் ஒரு குறையைக் கண்டார்கள். கட்டளைச் சொல் ஒரு பின்சாய்கோட்டில் முடிந்தால், சில சந்தர்ப்பங்களில் அது சொல்லின் முடிவைத் தாண்டிப் படித்து, ஒதுக்கிய இடத்திற்கு மேல் நினைவகத்தை நிரப்பிவிடும். அதன் வழியாகவும் எந்தச் சாமானியக் கணக்கினனும் ரூட் ஆகலாம். அப்பிழை 2011 ஜூலையில் புகுந்தது. ஏறக்குறைய பத்து வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு நிரல்களும் எழுதப்பட்ட மொழி ‘சி’. 1970-களின் தொடக்கத்தில் பிறந்த அம்மொழி, வேகத்திலும் சிக்கனத்திலும் இணையற்றது. ஆனால், எல்லை மீறுகிறாய் என்று அது தானாக எச்சரிக்காது. எழுதுபவன் ஒருநாளும் தவறமாட்டான் என்பதே அதன் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் விலை என்ன? தாங்கள் வருஷந்தோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெரிவித்தது. ‘ரஸ்ட்’ போன்ற புதிய மொழிகளோ எல்லையைத் தாமே காவல் காக்கின்றன. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கியபின், அதன் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது, 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்ததென்று கூகிள் கூறியிருக்கிறது. சூடோவையும் ரஸ்டில் புதிதாக எழுதினார்கள். 2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு அதனையே வழக்கமான சூடோவாக ஏற்றுக்கொண்டது.

மொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2025-ஆம் வருஷ நடுவில் பழைய சூடோவில் மற்றொரு பெருங்குறை வெளிப்பட்டது. அதுவும் சாமானியனை ரூட் ஆக்கியது. ஆனால், அது நினைவகப் பிழையன்று, யோசனைப் பிழை. எந்த மொழியும் அதைத் தடுத்திராது. ஆகவே முதற் பாடம், அதிகாரத்தை இரவல் கொடுப்பதையே குறைக்கவேண்டும் என்பது. அவசியமில்லாத நிரலிடம் அதிகாரம் எதற்கு? பாண்கிட் வெளியானபோது, திருத்தம் கிடைக்காதவர்களுக்குக் கூறப்பட்ட தற்காலிகப் பரிகாரமும் இதுவே: பிகே-எக்ஸெக்கிடமிருந்து இரவல் அதிகாரத்தைப் பறித்துவிடுங்கள் என்றார்கள்.

இரண்டாவது பாடம் கணினிகளை நிர்வகிப்போருக்கு உரியது. திருத்தம் வெளிவந்த பின்னும் அதனை ஏற்காது காலங் கடத்துவது, உடைந்த தாழ்ப்பாளைக் கண்டும் ‘நாளை பார்ப்போம்’ என்று படுக்கைக்குச் செல்வதற்கு ஒப்பாகும். குறையை அறியாதது துரதிர்ஷ்டம்; அறிந்தும் அடைக்காதது குற்றம்.

மூன்றாவது பாடம் நம் எல்லோருக்கும் உரியது. சூடோவை முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பராமரித்து வந்தவர் டாட் மில்லர் என்ற ஒருவர். அப்பணி தொடர்வதற்கு ஆதரவளிக்கும் ஸ்தாபனம் ஒன்று வேண்டும் என்று அவரே பகிரங்கமாகக் கேட்கவேண்டியிருந்தது. அவருடைய உழைப்பின் மீது கோடிக்கணக்கான பணம் புரளும் வியாபாரங்கள் நிற்கின்றன. காவற்காரனுக்குக் கூலி கொடுக்காமல், அவன் கண் அயர்ந்தான் என்று நிந்திக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோர் அனைவரும் அதன் காவலுக்கும் கடமைப்பட்டவர்களே. இதை உணராதவரை, இன்னும் எத்தனை கதவுகள் எத்தனை வருஷமாகத் திறந்து கிடக்கின்றனவோ, யார் அறிவார்?