படிக்க மறுத்தாலும் ஒரு பக்கம்

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே புத்தகம். பதிலாக வருவது ஓவியம், பாட்டு, சமயத்தில் நெருப்பு

ஹாஸ்டலில் கட்டில் ஒதுக்கப்படும் முன்பே கையில் புத்தகம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஏராளமான கல்லூரிகள், சேரப்போகும் மாணவர்களுக்குக் கோடை விடுமுறையிலேயே ஒரு நூலைச் சொல்லிவிடுகின்றன. பொறியியலுக்கு வருபவருக்கும் இசைக்கு வருபவருக்கும் அதே நூல்தான். முன்பின் தெரியாத இருவர் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச ஏதாவது இருக்கட்டுமே என்பது நோக்கம்.

பெரும்பாலும் மதிப்பெண் கிடையாது. அதனாலேயே பதில்கள் பரீட்சைத் தாள் போல இருப்பதில்லை. கவிதை, சுவரொட்டி, பாட்டு, குறும்படம் என்று எந்த வடிவிலும் சொல்லலாம். பல வளாகங்களில் போட்டியும் பரிசும் உண்டு. கோனார் நோட்ஸ் வகையறா சுருக்கங்கள் அங்கேயும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு கதாபாத்திரத்தின் முகத்தை வரைய வேண்டுமென்றால் சுருக்கம் அவ்வளவாக உதவாது.

மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அண்ணாவாடி குடிசைப் பகுதி பற்றி கேத்தரின் பூ 2012இல் வெளியிட்ட நூலும் பல கல்லூரிகளில் தேர்வானது. மும்பைவாசிகளில் பலர் எட்டிப் பார்த்திராத சந்துகளை, கடல் கடந்த பதினெட்டு வயதுக்காரர்கள் மனதில் வரைந்து பார்த்தார்கள்.

எல்லா வருடமும் இப்படிச் சுமுகமாகப் போய்விடுவதில்லை. 2002இல் சாப்பல் ஹில்லிலுள்ள வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் குர்ஆனின் ஆரம்பகால அத்தியாயங்கள் பற்றி மைக்கேல் செல்ஸ் எழுதிய நூலைத் தேர்ந்தெடுத்தது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் மதம் பரப்புகிறது என்று வழக்கு வந்தது. மாநில அரசியல்வாதிகள் சிலர் நிதியை நிறுத்தப் பார்த்தார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. நிர்வாகம் செய்ததுதான் சுவாரசியம். படித்தவர்கள் ஒரு பக்கம் எழுத வேண்டும். மத நம்பிக்கை காரணமாகப் படிக்க விரும்பாதவர்கள் படிக்க வேண்டாம்; ஆனால் ஏன் படிக்கவில்லை என்று அவர்களும் ஒரு பக்கம் எழுத வேண்டும். மறுப்பும் ஒரு பதில்தான், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும். சாமர்த்தியமான ஏற்பாடு.

2019 அக்டோபரில் ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்தில் காரணம் சொல்லும் பொறுமை சிலருக்கு இல்லை. முதலாண்டு மாணவர்கள் பலருக்குப் பாடமாக வைக்கப்பட்டிருந்தது ஜெனின் கப்போ க்ரூசெட்டின் நாவல். அதன் நாயகியே கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவிதான்: கியூபாவிலிருந்து குடியேறியவர்களின் மகள், குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிப்பவள். ஆசிரியை வளாகத்துக்கு வந்து பேசினார். வெள்ளையர்களுக்குக் கிடைக்கும் சலுகை பற்றிய பேச்சு, கேள்வி நேரத்தில் சூடானது. அன்றிரவு சில மாணவர்கள் கறி வாட்டும் அடுப்பில் அந்த நாவலைப் போட்டுக் கொளுத்தினார்கள். வீடியோ நாடெங்கும் பரவியது. எரிப்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும், ஆனால் எங்கள் பண்புக்கு ஒவ்வாது என்றது பல்கலைக்கழகம். நடவடிக்கை ஏதுமில்லை. எரித்தவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போயிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் இதற்குப் பக்கத்தில் வருவது அறிமுகப் பயிற்சி. ஐஐடி காந்திநகர் 2011இல் புது மாணவர்களுக்கு ஐந்து வாரப் பயிற்சியைத் தொடங்கியது. 2017இல் ஏஐசிடிஇ பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வாரப் பயிற்சியை வகுத்தது. அதில் ஓவியம், இசை, நாடகம், வாசிப்பு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எல்லோருக்கும் ஒரே புத்தகம் என்ற விதி மட்டும் இல்லை. வைத்தால் எந்தப் புத்தகம் என்ற சண்டை பிறகு. எந்த மொழியில் என்பதிலேயே கமிட்டியின் முதல் கூட்டம் முடிந்துவிடும்.