ஏரி, ஓடை, மேய்க்கால்... பலனைக் கணக்கில் ஏற்றும் வரைபடம்!

தொழிற்சாலைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பசுமைப் பரப்பைக் காக்க, கும்மிடிப்பூண்டி விவசாயிகளுக்கு ஒரு வழி

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு உருக்காலைகள், கொல்கத்தா நெடுஞ்சாலை, புறநகர் ரயில் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தெரியும். ஆனால், இந்த வட்டாரத்தில் நெல், நிலக்கடலை, தர்பூசணி, மா, சவுக்கு என்று சாகுபடியும் நடந்து வருகிறது. அதைத் தாங்கி நிற்பவை ஏரி, தாங்கல், குட்டை, ஓடை, மேய்க்கால், தோப்பு ஆகியவைதான்.

இவற்றுக்கெல்லாம் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் புல எண் உண்டு. பரப்பும் வகைப்பாடும் உண்டு. அந்த நிலத்தால் யாருக்கு என்ன பலன் என்ற கணக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அதனால்தான், ஒரு திட்டத்துக்கு இடம் தேவைப்படும்போது, ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று முதலில் கைவைக்கப்படுவது மேய்க்காலும் தரிசும்தான்.

தேர்வாய் கண்டிகை சொல்லும் பாடம்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகையில், சிப்காட் தொழிற்பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒதுக்கப்பட்டது. பதிவேட்டில் அது மேய்க்கால். ஊர் மக்களுக்கோ அது காடு. ஆடு மாடு மேய்ந்ததும், விறகு பொறுக்கியதும் அங்கேதான். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான் கீழே உள்ள ஏரிகளை நிரப்புகிறது என்று சொல்லி மக்கள் எதிர்த்தனர். வேலைவாய்ப்பு வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால், இழப்பது எவ்வளவு என்று எடைபோட, எழுத்தில் கணக்கு இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது கோப்பில் ஏறாது.

வளத்தைக் கண்டோம், எல்லையைக் காணவில்லை

வரைபடம் போட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வில், ஆரணியாறு - கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர்வளம் அடையாளம் காணப்பட்டது. அங்கே ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, சென்னைக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். பாசனத்துக்கும் இறைப்பு அதிகரித்தது. மழையால் ஊறுவதைவிட எடுப்பது கூடியதால், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் உவர்ப்பாக மாறின.

எங்கே தண்ணீர் இருக்கிறது என்று குறித்ததோடு, அந்தத் தண்ணீர் எந்த ஏரியால், எந்த ஆற்று மணலால் ஊறுகிறது, ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதையும் குறித்து அதன்படி நடந்திருந்தால், இழப்பைக் குறைத்திருக்கலாம்.

கொல்கத்தாவைக் காப்பாற்றிய வரைபடம்

இதற்கு நேர்மாறான உதாரணம் கொல்கத்தா. அந்த மாநகரின் கழிவுநீர், கிழக்கே உள்ள மீன்வளர்ப்புக் குளங்களுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன. அங்கே மீன் வளர்கிறது; அந்த நீரில் நெல்லும் காய்கறியும் விளைகின்றன. இந்தப் பலனை 1980-களில் நடந்தே ஆராய்ந்து, வரைபடமாக்கி, உலகறியச் செய்தவர் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். நகரம் விரிந்து அந்த நீர்நிலைகளை விழுங்கப் பார்த்தபோது, 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடுத்தது. 2002-ல் 12,500 ஹெக்டேர் பரப்பும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

ஊர் வரைபடம் தயாரிப்பது எப்படி?

அடிப்படை ஆவணங்கள்: கிராம வரைபடம், அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் மூலமும், அரசின் இணையவழி நிலச் சேவைத் தளத்திலும் பெறலாம். இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் செயற்கைக்கோள் படத்தை இலவசமாகப் பார்க்கலாம்.

நேரில் நடப்பது: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை நடக்க வேண்டும். மடை திறப்பவர், ஆடு மாடு மேய்ப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் உடன் வந்தால், பதிவேட்டில் இல்லாத ஓடையும் வரத்துக் கால்வாயும் தெரியவரும். மடை, கலங்கல், அடைபட்ட கால்வாய், கழிவுநீர் கலக்கும் இடம் ஆகியவற்றைத் தனித்தனி நிறத்தில் குறிக்கவும்.

கிணற்று நீர்: ஜனவரியிலும் மே மாதத்திலும் ஒவ்வொரு பகுதியிலும் சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் குறிக்கவும். பாசன நீரில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸுக்கு மேல் போனால், பெரும்பாலான பயிர்களில் மகசூல் குறையும்.

பலனை எண்ணில் எழுதுங்கள்

ஏரி: 10 ஹெக்டேர் ஏரி சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் நிரம்பினால், கொள்ளளவு 15 கோடி லிட்டர். அதாவது, 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 12,500 நடை. அதே ஏரியில் 30 செ.மீ. வண்டல் படிந்தால், 3 கோடி லிட்டர் கொள்ளளவு போய்விடும்.

மேய்க்கால்: ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ பசும்புல் மேய்வதாக வைத்தால், 100 மாடுகள் 200 நாளில் மேய்வது 200 டன். அதைத் தீவனமாக வாங்கினால் ஆகும் செலவே அந்த நிலம் தரும் ஆண்டு வருமானம்.

தோப்பும் வரப்பு மரமும்: தர்பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. காலையில் மலரும் பூ அன்றே மூடிவிடும். அதற்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். அந்தத் தேனீ கூடு கட்ட மரமும் புதரும் வேண்டும். ஏரிக்கரைப் பனையின் வேர் கரையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆலையோரத்தில் நிற்கும் வேம்பு, புங்கன், பூவரசு மரங்கள் தூசியைத் தடுக்கின்றன.

ஆலைகளின் பசுமை வளையம்: சுற்றுச்சூழல் அனுமதி பெறும் ஆலைகளுக்கு, பொதுவாக 33 சதவிகித இடத்தில் மரம் வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அவை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அறிக்கையில் உள்ள மரங்கள் தரையில் உள்ளனவா என்று வரைபடத்தில் குறிக்கலாம்.

எங்கே பதிவு செய்வது?

தயாரான வரைபடத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றவும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002-ன்படி அமைக்கப்படும் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பராமரிக்க வேண்டும். அதில் இந்த வரைபடத்தையும் கணக்கையும் சேர்த்துவிட்டால், நாளை ஆட்கள் மாறினாலும் பதிவு நிற்கும்.

வாசகர் கேள்வி

? ஊரார் போட்ட வரைபடம் சட்டப்படி செல்லுமா?

வரைபடத்தால் பட்டாவோ வகைப்பாடோ மாறாது. ஆனால், ஆட்சேபனை மனுவுக்கும் வழக்குக்கும் அது வலுவான ஆதாரம். ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. ஊர்ப் பொதுநிலத்தையும் குளங்களையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனைத்து மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

? சிப்காட் பக்கத்து ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கலாமா?

ஆலைக் கழிவு கலக்கும் ஏரி என்றால், சோதிக்காமல் அடிக்க வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, சத்துக்கள் மட்டும்தான் தெரியும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களுக்குத் தனிச் சோதனை கேட்க வேண்டும். முடிவு சரியாக இருந்தால், வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று அடிக்கலாம். கழிவு கலக்கும் இடத்தை ஊர் வரைபடத்தில் சிவப்பில் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கவும்.