திறந்த நிரலும் மறைந்த அளவும்

தச்சுத் தொழிலுக்கு முழக்கோல் இன்றியமையாதது. தாமிரபரணியின் ஒரு கரையிலுள்ள தச்சநல்லூரில் ஒரு தச்சர் கதவு செய்கிறார். மறுகரையிலுள்ள பாளையங்கோட்டையில் மற்றொருவர் நிலை செய்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் கதவு நிலையோடு பொருந்துகிறது. இருவரும் ஒரே அளவை அறிந்திருப்பதே அதற்குக் காரணமாகும். அவ்வளவைச் சிலர் மட்டும் மறைத்து வைத்துக்கொள்வாராயின், கைத்திறன் மிக்க தச்சரும் வேலையின்றி நிற்க நேரிடும். கணினி உலகில் அத்தகைய நிலை ஒன்று தோன்றியது.

கணினியில் படங்களை உருவாக்கும் உறுப்புக்கு வரைகலை அட்டை என்று பெயர். அதற்கு ஆணையிட்டு வேலை வாங்கும் நிரல், இயக்கி எனப்படும். அட்டையை ஒரு நிறுவனமும் திரையை வேறொரு நிறுவனமும் செய்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் வடத்தில் குறிகள் எவ்வாறு செல்லவேண்டும் என்பதை வரையறுக்கும் பொது விதியே தரநெறியாகும். இயக்கியை எழுதுவோர் தரநெறியை அறியாமல் எழுத இயலாது.

நிரல்களுள் இருவகை உண்டு. சில, ஆக்கியோர் தவிரப் பிறர் காணவொண்ணாதவை. வேறு சில, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருபவை. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கிற்று. 2011 இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் அது இடம்பெற்றது. வரைகலை அட்டைகள் செய்யும் ஏ.எம்.டி. நிறுவனம், 2007 முதல் தன் அட்டைகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. 2015 இல் அதன் புதிய திறந்த இயக்கி லினக்ஸில் சேர்ந்தது. ஓர் இயக்கி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைத் தச்சநல்லூர்ப் பள்ளி மாணவனும் வரிவரியாகப் படித்தறிய இதனால் வழி பிறந்தது.

இனி வடத்தின் செய்தியைக் காண்போம். தொலைக்காட்சிகளில் பெரிதும் வழங்கும் எச்.டி.எம்.ஐ. தரநெறியை ஏழு நிறுவனங்கள் கூடி 2002 இல் வெளியிட்டன. பின்னர் 2011 இல் எச்.டி.எம்.ஐ. மன்றம் அமைந்தது. 2013 இல் வந்த 2.0 பதிப்பில் நொடிக்கு 1,800 கோடி பிட்டுகள் செல்லும். அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே செலவாகும். எஞ்சுபவை 1,440 கோடி.

‘நான்கு கே’ எனப்படும் திரையில் 3,840 பத்திகளும் 2,160 வரிசைகளுமாக 82,94,400 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 60 படங்கள் அனுப்ப ஏறத்தாழ 1,194 கோடி பிட்டுகள் தேவை. இது 2.0 பதிப்பில் அடங்கும். 120 படங்களாயின் தேவை 2,389 கோடியாகும், அது அடங்காது. 2017 இல் வெளிவந்த 2.1 பதிப்போ 4,800 கோடி பிட்டுகள் வரை செல்ல இடந்தருவது.

ஆனால் அப்பதிப்பின் முழுக் குறிப்பு, ஒப்பந்தத்துக்கு உட்பட்டோர் மட்டுமே காணத்தக்கதாயிற்று. திறந்த இயக்கியை எழுதினால் குறிப்பின் செய்திகளும் வெளியாகும். ஆகவே ஏ.எம்.டி. நிறுவனம் வழிமுறை ஒன்றை வகுத்து மன்றத்தின் இசைவை வேண்டியது. நிரல் அந்நிறுவனத்திற்குள் இயங்கிக்கொண்டிருந்தது. எனினும் மன்றம் அவ்வேண்டுகோளை நிராகரித்தது என 2024 பிப்ரவரியில் அந்நிறுவனப் பொறியாளர் அறிவித்தார். அட்டையும் வல்லது, திரையும் வல்லது, இடையே நின்றது அறிவுக்கிட்ட பூட்டு ஒன்றே. நிறநுட்பத்தைக் குறைத்தாலன்றி, லினக்ஸ் பயனர் தாம் விலை கொடுத்து வாங்கிய பொருளின் முழுப்பயனைப் பெற இயலவில்லை. டிஸ்பிளேபோர்ட் என்னும் வேறு தரநெறி உண்டெனினும், தொலைக்காட்சிகளில் அதற்குரிய துளை பெரும்பாலும் இராது.

பெரும்பொருள் செலவிட்டு ஒரு நெறியை ஆக்கியோர் அதனைக் காத்துக்கொள்ள விரும்புதல் இயல்பே. உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எனினும் தனியொருவர் பொருளுக்கும் பலரும் கைக்கொள்ளும் அளவுக்கும் வேறுபாடு உண்டு. முற்காலத்தில் முழமும் மரக்காலும் ஊர்தோறும் வேறுபட்டிருந்தன. அக்குறையை நீக்க இந்திய அரசு 1956 இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகளைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொணர்ந்தது. மீட்டரின் நீளத்தை அறிய எவரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டுவதில்லை. கோல் செய்து விற்பவர் விலை பெறலாம். ஆனால் அளவு எல்லார்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஊரார் அனைவரும் பயன்படுத்தும் அளவு ஊரார் அனைவரும் அறியத்தக்கதாய் இருப்பதே முறையாகும்.