சென்னை வெயிலில் லெப்பர்டு கெக்கோ: தொட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கணும்?

வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு யாரும் ஹீட்டர் வைப்பதில்லை. ராத்திரி டியூப்லைட் பக்கத்தில் பூச்சி பிடிக்கும், பகலில் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சூடு வேண்டுமென்றால் வெயில் படும் ஜன்னல் ஓரம், வேண்டாமென்றால் பாத்ரூம் சுவர். தேவையான இடத்தைத் தேர்ந்தெடுக்க முழு வீடே அதற்கு இருக்கிறது.

கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் கெக்கோவுக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு இருப்பது இரண்டு, மூன்று அடி நீளம்தான். அதற்குள் சூடான இடமும் குளிர்ந்த இடமும் இல்லையென்றால் அது வேறு எங்கேயும் போக முடியாது. அயல்நாட்டுப் பல்லிகளை ஆசையாக வாங்கி வளர்ப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சாப்பாடு சரியாகப் போடுகிறார்கள், தொட்டியை அழகாக அலங்கரிக்கிறார்கள், வெப்பநிலையை மட்டும் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறார்கள்.

யார் இந்த லெப்பர்டு கெக்கோ?

மஞ்சள் உடம்பில் சிறுத்தை மாதிரி கருப்புப் புள்ளிகள். அதனால்தான் இந்தப் பெயர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட, பாறை நிறைந்த நிலம்தான் இதன் பூர்வீகம். நம்ம வீட்டுப் பல்லி போல இதற்குச் சுவர் ஏறத் தெரியாது, விரல்களில் ஒட்டும் அமைப்பு இல்லை. வீட்டுப் பல்லிக்குக் கிடையாத கண் இமை இதற்கு உண்டு, மூடித் திறக்கும். தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். ஒரு நாயைவிட அதிக காலம் என்பதை வாங்கும் முன் யோசிக்கணும்.

சூடு எதற்கு?

நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. சாப்பிடும் சோற்றில் பெரும்பங்கு அதற்கே செலவாகிறது. பல்லிக்கு அப்படி இல்லை, சுற்றுப்புறம் என்ன வெப்பத்தில் இருக்கிறதோ உடம்பும் ஏறக்குறைய அதே வெப்பம். நடப்பது, நோயை எதிர்ப்பது, தின்ற பூச்சியைச் செரிப்பது எல்லாமே வெளிச்சூட்டை நம்பித்தான்.

செரிமானம்தான் முக்கியம். வயிறு நிறையப் பூச்சி தின்றுவிட்டு, போதுமான சூடு கிடைக்காமல் கிடந்தால் உணவு செரிக்காமல் தேங்கிவிடும். சில சமயம் அப்படியே கக்கிவிடும். ‘சாப்பிடவே மாட்டேங்குது’ என்று புழுவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள், முதலில் தெர்மாமீட்டரைப் பார்ப்பது நல்லது.

சரி, எத்தனை டிகிரி?

ஒரே ஒரு எண்ணைச் சொல்லச் சொன்னால் அந்தக் கேள்வியே தவறு. தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான முனையில், பல்லி படுக்கும் கல் அல்லது ஓட்டின் மேல்பரப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த முனை 24 முதல் 26 டிகிரி. ராத்திரியில் 20, 22 வரை இறங்கினாலும் ஆரோக்கியமான பல்லிக்குப் பிரச்சினை இல்லை, பாலைவனத்திலும் ராத்திரி குளிரத்தானே செய்யும்.

இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒரு குகை கட்டாயம் வேண்டும். சூடான பக்கம் மட்டும் மறைவிடம் வைத்தால், பயந்த பல்லி சூடு அதிகமானாலும் அங்கேயே கிடக்கும். அதற்கு வெப்பத்தைவிட வெட்டவெளிதான் பெரிய பயம். உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலே போதும், கடையில் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்க வேண்டியதில்லை.

இணையத்தில் தேடினால் 90 என்று வரும். பதற வேண்டாம், அது அமெரிக்கர்கள் சொல்லும் ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் 32 டிகிரிதான்.

கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி, உள்ளங்கை அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் 32 டிகிரி கல்லைத் தொட்டால் நமக்குச் சூடாகவே தோன்றாது. ‘சூடே இல்லையே’ என்று ஹீட்டரைக் கூட்டி வைப்பது இப்படித்தான் நடக்கிறது. நம் கைக்கு இதமான சூடு என்று தோன்றும்போது பல்லிக்கு அது எல்லை தாண்டிய சூடாக இருக்கும்.

தொட்டிக் கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரும் அவ்வளவு உதவாது. அது நடுக்கண்ணாடியின் வெப்பத்தைக் காட்டும், பல்லியோ தரையில் கிடக்கும். வயரின் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, இரண்டு முனைகளிலும் தரையோடு வைப்பதுதான் சரி. பரப்பின் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் இருந்தால் இன்னும் நல்லது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்தக் கருவியை எடுத்துவரக் கூடாது. அது மனித உடம்புக்கென்று அளவு வைத்துச் செய்தது, கல்லின் சூட்டைச் சரியாகச் சொல்லாது.

வயிற்றைப் பொசுக்கும் ஹீட் மேட்

தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட்தான் பலரும் வாங்குவது. பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகிய மேட், போகப் போகச் சூடேறிக்கொண்டே போகும். அதன் மேல் கிடக்கும் பல்லி உடனே எழுந்து ஓடுவதில்லை. ஊர்வன பல, வெயிலை முதுகில் வாங்கிப் பழகியவை. அடிவயிற்றில் ஏறும் சூட்டுக்கு அவை மெதுவாகத்தான் எதிர்வினை காட்டும். உரிமையாளர் தூக்கிப் பார்க்கும்போதுதான் வயிறு சிவந்து, தோல் வெந்திருப்பது தெரியவரும். மின்சாரத்தில் இயங்கும் ‘ஹாட் ராக்’ என்ற போலிப் பாறைக்கும் இதே கெட்ட பெயர் உண்டு. அதைத் தவிர்த்துவிடலாம்.

ஆகவே தெர்மோஸ்டாட் என்பது கூடுதல் வசதி அல்ல. பணம் போதவில்லையென்றால் அலங்காரச் செடியைக் குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்கக் கூடாது.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் வெப்பம் மட்டும்தான் அதற்குத் தெரியும். பல்லி தோண்டியதில் சென்சார் இடம் மாறி குளிர்ந்த பக்கம் போய்விட்டால், அல்லது தொட்டியைத் துடைக்கும்போது வெளியே எடுத்து வைத்துவிட்டு மறந்தால், ‘இன்னும் குளிர்கிறது’ என்று நினைத்து அது மேட்டை விடாமல் எரியவிடும். சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே அசையாமல் ஒட்டி வைக்கணும், வாரம் ஒருமுறை பார்க்கணும்.

மேட் தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் குளிர்ந்த முனை என்று ஒன்றே மிஞ்சாது. தரையில் மணலைக் கனமாகக் கொட்டினாலும் ஆபத்துதான்: சூடு மேலே வராது, பல்லி சூட்டைத் தேடித் தோண்டிக்கொண்டே போய் அடியில் இருக்கும் கொதிக்கும் கண்ணாடியில் வயிற்றை வைத்துப் படுத்துவிடும்.

மேலிருந்து சூடு கொடுக்க பல்பு போடலாம். ராத்திரியில் மட்டும் எந்த வெளிச்சமும் வேண்டாம். ‘சிவப்பு பல்பு பல்லிக்குத் தெரியாது’ என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மங்கலான ஒளியிலும் நிறம் பிரித்தறியும் கண் கெக்கோக்களுக்கு உண்டு. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊரில் ராத்திரிக் குளிருக்குச் சூடு தேவைப்பட்டால் வெளிச்சமே இல்லாத செராமிக் ஹீட்டர் இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் சரி. தெர்மோஸ்டாட் இதற்கும் வேண்டும்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் பிரச்சினை தலைகீழ். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றே பேசுகின்றன. சென்னையில் மே மாதம் மாடி வீட்டு அறைக்குள்ளேயே 35 டிகிரி சாதாரணம். அப்போது ஹீட்டரை அணைத்தாலும் தொட்டி முழுக்க சூடான முனைதான், குளிர்ந்த முனை காணாமல் போய்விடுகிறது.

‘பாகிஸ்தானில் 45 டிகிரி வெயிலிலேயே வாழும் பல்லிதானே?’ என்று கேட்கலாம். வாழ்கிறது, ஆனால் அந்த வெயிலில் அது வெளியே வருவதில்லை. பகல் முழுக்க பாறைக்கு அடியிலும் வளைக்குள்ளும் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் இரை தேடும். மண்ணுக்கு அடியில் சில அடி ஆழத்தில் இருக்கும் அந்தக் குளிர்ச்சியைக் கண்ணாடித் தொட்டி தராது.

தொட்டியை ஜன்னல் வெயிலில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. கதவு மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே எப்படி இருக்கும்? அதேதான், அதுவும் சில நிமிடங்களில்.

ஃபேன் போட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஃபேன் காற்று நம் வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குக் குளிர்கிறது. பல்லிக்கு வியர்வையே கிடையாது. தொட்டிக்குள் தேங்கிய சூடான காற்றை வெளியேற்ற ஃபேன் ஓரளவு உதவும், அவ்வளவுதான். மாடி அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து தரைக்குத் தொட்டியை இறக்கினாலே சில டிகிரி குறையும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, தொட்டிக்கு வெளியே குளிர்ந்த முனையை ஒட்டி வைக்கலாம். அந்தப் பக்கத்து மண்சட்டியை நனைத்து வைத்தால் ஆவியாகும் நீர் கொஞ்சம் குளிர்ச்சி தரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. ஏசி அறையென்றால் நேர்க் காற்று படாமல் இருந்தால் போதும், சூடான முனையை மேட்டும் தெர்மோஸ்டாட்டும் பார்த்துக்கொள்ளும்.

வாயைத் திறந்தபடியே கிடப்பது, கண்ணாடியில் விடாமல் மோதி மோதி ஏறப் பார்ப்பது, குளிர்ந்த மூலையை விட்டு நகராமல் இருப்பது ஆகியவை சூடு அதிகமாகிவிட்டதற்கான அறிகுறிகள். உடனே ஐஸ் தண்ணீரில் போடக் கூடாது. நிழலான இடத்துக்கு மாற்றி, அறை வெப்பத்தில் உள்ள நீரைக் கால் நனையும் அளவுக்கு மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எல்லா கெக்கோவுக்கும் இதே கணக்கா?

இல்லை, அதுதான் விபரீதம். கடைக்காரர் ‘கெக்கோ’ என்று மட்டும் சொல்லி விற்கும் கிரெஸ்டட் கெக்கோ, பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா தீவின் காட்டுப் பல்லி. அழிந்தே போய்விட்டது என்று கருதப்பட்டு, 1994-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம். அதற்கு 22 முதல் 26 டிகிரி போதும். 28-ஐத் தாண்டி நீடித்தால் தாங்காது. லெப்பர்டு கெக்கோவுக்கான 33 டிகிரி மேடையில் அதை வைத்தால் செத்துவிடும். முழுநேர ஏசி இல்லாத சென்னை வீட்டில் அதை வளர்க்க ஆசைப்படுவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

லெப்பர்டு கெக்கோவின் முட்டையிலும் வெப்பநிலை விளையாடுகிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. 26 டிகிரியில் அடைவைத்தால் பெரும்பாலும் பெண், 32 – 33-ல் பெரும்பாலும் ஆண், 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண் குஞ்சுகள் அதிகம்.

வாங்கும் முன் சட்டத்தையும் பார்க்கணும். வடகிழக்கு மாநிலங்களில் உள்ள டோக்கே கெக்கோ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, பிடிப்பதும் விற்பதும் குற்றம். சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தாய்லாந்து விமானத்தில் சூட்கேஸுக்குள் அடைத்து வந்து சென்னை சுங்கத்துறையிடம் சிக்கும் பல்லிகள் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பல்லி அந்த வழியில் வந்ததாகவும் இருக்கலாம்.

உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போவதாக இருந்தால், தொட்டியின் இரண்டு முனைகளிலும் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைக் காலை, மதியம், ராத்திரி என மூன்று முறை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் முன் அவர் கேட்கப்போவது அநேகமாக அந்த எண்ணைத்தான்.