நீச்சல் குளத்துக்கு வரும் விருந்தினர்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், ஸான் கேப்ரியல் மலைகளின் அடிவாரத்தில் அமைந்த மன்ரோவியா என்னும் சிறு நகரத்தில், கோடையின் உஷ்ணம் பொறுக்காமல் மலையிலிருந்து இறங்கிவரும் கருங்கரடிகள், வேலி தாண்டிப் புகுந்து, வீட்டுக் கொல்லைகளிலுள்ள நீச்சல் குளங்களில் அமிழ்ந்து தேகத்தைக் குளிர்வித்துக் கொள்வதுண்டு. 1990-களில் அவ்வாறு வந்துகொண்டிருந்த ‘ஸாம்ஸன்’ என்னும் முதிய கரடி, வெந்நீர்த் தொட்டியொன்றில் சாவகாசமாக அமர்ந்திருந்த காட்சி தொலைக்காட்சியில் பரவி, ஜனங்களின் அபிமானத்துக்குப் பாத்திரமாயிற்று. மனித சகவாசத்துக்குப் பழகிவிட்ட அதனை மீண்டும் வனத்தில் விடுவது உசிதமன்று எனக் கருதிய அதிகாரிகள், அதைக் கொன்றுவிட நிச்சயித்தபோது, பொதுமக்களின் பலத்த ஆட்சேபத்தை அடுத்து, கவர்னர் பீட் வில்ஸன் தலையிட்டு அதன் பிராணனைக் காத்தார். ஆரஞ்சு கௌண்டி மிருகக்காட்சிசாலையில் பராமரிக்கப்பட்டு, 2001-இல் அது மறைந்தது.

கரடி தன் பலத்தால் கரையேறிவிடும். நம் பரிவுக்கு அதிகம் உரியவை, நீரை நாடிவந்து விழுந்துவிடும் தவளை, அணில், எலி போன்ற சிற்றுயிர்களே. வழுவழுப்பான செங்குத்துச் சுவரில் பிடிமானம் கிடைக்காமல், அவை ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மடிகின்றன. சொரசொரப்பான பலகையொன்றை, ஒரு முனை கரையிலும் மறுமுனை நீருக்குள்ளும் இருக்குமாறு சாய்த்துவைத்தால் அவை ஏறித் தப்பும். காலையில் குளத்தின் வடிகட்டிக் கூடையையும் திறந்து பார்ப்பது அவசியம். இரவில் நீரோடு இழுக்கப்பட்ட தவளை அங்கே உயிருடன் இருக்கக்கூடும்.