படம் மங்கினால் டிவிடி பிளேயர் பழுதா?

தாத்தா வீட்டுப் பழைய தொலைக்காட்சியில் ஒரு டிவிடி பிளேயரை இணைக்கிறீர்கள். படம் தொடங்குகிறது. சில வினாடிகளில் திரை இருண்டுபோகிறது. பிறகு தானாகவே வெளுக்கிறது; மீண்டும் இருள்கிறது. பிளேயர் பழுது என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிச் செல்கிறீர்கள். கடைக்காரர் தம் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுகிறார். படம் தெளிவாக ஓடுகிறது!

இது எப்படி? விடை, தாத்தா வீட்டில் பிளேயருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் இருந்த வீடியோ ரெக்கார்டரில் இருக்கிறது. பழைய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஏரியல் கம்பிக்கு மட்டுமே இடம் உண்டு. பிளேயரின் மஞ்சள் கம்பியை அதில் செருக முடியாது. ஆகவே பலர் பிளேயரை ரெக்கார்டரில் இணைத்து, அதன் வழியாகப் படம் பார்த்தனர்.

கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் முன்பு பயன்பட்ட ‘பால்’ ஒளிபரப்பு முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள். அவற்றில் 576 கோடுகளில்தான் படம் இருக்கும். மீதி 49 கோடுகள், திரையின் அடியைத் தொட்ட மின்னணுக் கற்றை மீண்டும் மேலே திரும்பும் இடைவேளைக்கு உரியவை.

ரெக்கார்டரில், உள்ளே வரும் சமிக்ஞையின் அளவைத் தானாகச் சரிசெய்யும் மின்சுற்று ஒன்று உண்டு. சமிக்ஞை வலுவாக வந்தால் குறைக்கும். பலவீனமாக வந்தால் கூட்டும். மேக்ரோவிஷன் என்னும் நகல் தடுப்பு முறை இந்தச் சுற்றைத்தான் ஏமாற்றுகிறது. மறைந்திருக்கும் கோடுகளில் அது மிகப் பிரகாசமான துடிப்புகளைச் செருகுகிறது. சமிக்ஞை அளவு மீறிவிட்டதாகக் கருதும் ரெக்கார்டர், படம் முழுவதையும் மங்கச் செய்கிறது. துடிப்புகளின் அளவு மாறிக்கொண்டே இருப்பதால் படமும் மங்கி மங்கி வெளுக்கிறது. அதை நாடாவில் பதிவு செய்தால் பார்க்கச் சகிக்காது. நோக்கமும் அதுவே. தொலைக்காட்சியின் மின்சுற்று வேறு விதமானது. அது பொதுவாக ஏமாறுவதில்லை.

1980களில் வீடியோ நாடாக்களுக்காக உருவான முறை இது. டிவிடி வட்டில் இந்தத் துடிப்புகள் பதிவாகியிருப்பதில்லை. ‘தடுப்பைப் போடு’ என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதைப் படித்ததும் பிளேயரில் உள்ள சில்லு துடிப்புகளை உருவாக்கும். எனவேதான் வீட்டுத் திருமண வட்டு நன்றாக ஓட, கடையில் வாங்கிய திரைப்பட வட்டு மட்டும் மங்குகிறது.

எச்டிஎம்ஐ கம்பியிலும் பூட்டு

இன்றைய எச்டிஎம்ஐ இணைப்பில் எச்டிசிபி என்ற மின்னிலக்கப் பூட்டு உள்ளது. படம் காட்டுமுன் பிளேயரும் தொலைக்காட்சியும் தம்மிடமுள்ள இரகசிய எண்களைக் கொண்டு தனித்தனியே ஒரு கணக்குப் போடுகின்றன. இரண்டு விடைகளும் ஒத்துப்போனால்தான் படம் வரும். இதன் முதல் பதிப்புகளில், படம் ஓடும்போதும் சுமார் 2 வினாடிக்கு ஒருமுறை இந்தச் சோதனை தொடர்கிறது. கம்பி தளர்ந்திருந்தாலோ, இந்தப் பூட்டை அறியாத பழைய திரையில் இணைத்தாலோ சோதனை தோற்கும், திரை கறுப்பாகிவிடும்.

இத்தனைக்கும், எச்டிசிபியின் முதன்மைச் சாவி 2010இல் இணையத்தில் வெளியாகிவிட்டது. நகல் எடுக்கத் துணிந்தவர் வேறு வழி தேடிக்கொள்வார். காசு கொடுத்து அசல் வட்டு வாங்கியவர்தான் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பழுதுபார்க்கக் கொடுக்குமுன்

• நடுவில் உள்ள ரெக்கார்டர் போன்ற கருவிகளை நீக்கி, பிளேயரை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணையுங்கள்.

• வீட்டில் பதிவு செய்த வட்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

• எச்டிஎம்ஐ என்றால் கம்பியை மாற்றுங்கள். இரு கருவிகளையும் அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்றில் படம் சரியாக வந்தால், பிளேயர் பழுதாகவில்லை என்றே பொருள். பழுதுபார்க்கும் செலவும் மிச்சம். நல்ல கருவி ஒன்று குப்பைக்குப் போவதும் தவிரும்.